வாயேஜர் மாதிரி ஆளில்லா விண்கலங்கள் பற்றி நல்ல புத்தகம் சொல்லுங்களேன்

நண்பர்களுக்கு வணக்கம். மைக்கேல் காலின்ஸின் 'கேரியிங் த ஃபயர்' இப்போதுதான் முடித்தேன். 1969-ல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது, மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். மனுஷன் என்னமாய் எழுதியிருக்கிறார்!

அடுத்து, ஆட்கள் போகாத பயணங்களைப் பற்றிப் படிக்க ஆசை. முக்கியமாக, 1977-ல் கிளம்பிய இரண்டு வாயேஜர்கள். 1979-ல் லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர், கலத்தின் பாதையைச் சரிபார்க்க எடுத்த படத்தில், வியாழனின் நிலவான அயோவின் விளிம்பில் குடை மாதிரி ஏதோ எழும்பி நிற்பதைக் கவனித்தார். பார்த்தால் எரிமலைப் புகை! பூமிக்கு வெளியே குமுறும் எரிமலை கண்ணில் பட்டது அதுதான் முதல்முறை.

2023 நவம்பரில் வாயேஜர் 1 புரியாத தகவல்களை அனுப்பி உளற ஆரம்பித்த கதை இன்னும் சுவாரசியம். ஒரு மெமரி சிப் போய்விட்டது. இங்கிருந்து கட்டளை போய்ச் சேரவே சுமார் 22½ மணி நேரம், பதில் வர அதே அளவு. அந்தச் சிப்பில் இருந்த நிரலைத் துண்டுபோட்டு வேறு வேறு இடங்களில் ஒளித்துவைத்து, 2024 ஏப்ரலில் மறுபடி ஒழுங்காகப் பேச வைத்தார்கள்.

இந்த மாதிரி பொறியாளர்களின் மண்டையிடியை உள்ளே இருந்து சொல்லும் புத்தகம் எது? செவ்வாய் ஊர்திகள், சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலம் பற்றியும் இருந்தால் சரி. கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' படித்தாயிற்று. வேற்றுக்கிரகவாசி வகையறா வேண்டவே வேண்டாம். ஆங்கிலம் பரவாயில்லை, தமிழில் இருந்தால் பதிப்பகம் பெயரையும் போடுங்கள், அம்மாவும் படிப்பார்.