மூணாறு போயிட்டு வந்தப்புறம் நம்ம செம்மண் காடு கண்ணுல ஒட்டவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

சாத்தான்குளத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவுக்கு குடும்பத்தோட மூணாறு போயிட்டு வந்தோம். ராஜமலைல வரையாடு ரோட்டோரமா நின்னு புல்லு மேஞ்சிட்டு இருந்துச்சு, நாங்க இத்தன பேர் நிக்கோமேன்னு ஒரு பயமும் இல்ல அதுக்கு, என் சின்னவ சத்தமே போடாம நின்னு பாத்தா, அவ அப்டி அமைதியா இருந்து நான் பாத்ததே கெடையாது. குறிஞ்சிச் செடிய காமிச்சாங்க, 2018ல பூத்தது இனி 2030லதான்னு சொன்னதும் பெரியவ அப்ப நான் காலேஜ்ல இருப்பேன்மான்னு கணக்கு போட்டா.

அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. தேனி, மதுரை எல்லாம் தாண்டி திருநெல்வேலிக்கு வந்து நம்ம ஊரு ரோட்டுல திரும்பினதும் மனசு அப்டியே சோர்ந்து போச்சு. ரெண்டு பக்கமும் உடைமுள்ளு, பனை, செம்மண்ணு, திரும்ப உடைமுள்ளு. பொறந்ததுல இருந்து பாத்த எடந்தான், ஆனா இப்ப பாக்கவே தோண மாட்டேங்குது. பிள்ளைங்களும் கார் ஜன்னல ஏத்தி விட்டுட்டு போன எடுத்துட்டாளுங்க.

வருசத்துக்கு ஒரு தடவ மலைக்கு போறதே பெரிய விசயம் எங்களுக்கு, மிச்ச நாளெல்லாம் அந்த போட்டோவ பாத்துக்கிட்டே இருக்கவா முடியும். அதான் கேக்கேன், காலைல கெளம்பி மத்தியான சோத்துக்கு வீட்டுக்கு வந்துர்ற தூரத்துல நம்ம பக்கம் என்ன இருக்கு, எந்த மாசம் போகணும், போயி எதப் பாக்கணும்? எடத்து பேரு மட்டும் சொல்லிட்டு போயிராதீங்க, நீங்க அங்க என்னத்த பாத்து சந்தோசப்பட்டீங்கன்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும்.

தேரிக்காடன்

தங்கச்சி, நான் காயாமொழி பக்கம். நீங்க சாத்தான்குளத்துல இருந்துக்கிட்டு இத கேக்கலாமா, குதிரைமொழித் தேரி, அந்த செம்மணல் மேட்டுக் காடு, உங்களுக்கு கூப்பிடு தூரத்துலல்லா இருக்கு. ஆனா நீங்க கேட்டது நியாயமான கேள்வி, ஏன்னா தேரிய பஸ்ஸுல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, எறங்கி நடக்கணும், அதுவும் சரியான மாசத்துல.

இப்ப தை பொறக்கப் போவுதுல்லா, இதுதான் நேரம். ஐப்பசி கார்த்திகை மழைய குடிச்சு மணலு இறுகி கெடக்கும், கால் புதையாது. செவப்பு மணல் மேல பச்சப் புல்லு முளச்சு கெடக்குறத வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க. பெறவு ஆடில வாங்க, அதே எடந்தானான்னு நெனப்பீங்க. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்து நேரா இங்ஙன வந்து எறங்கும், மேட்டு மணல அள்ளி அடுத்த பள்ளத்துல போடும், நேத்து நடந்த தடம் இன்னைக்கு இருக்காது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொன்னத இங்க நின்னு பாத்தாதான் முழுசா நம்புவீங்க.

பிள்ளைங்கள கூட்டிட்டு போனா மொதல்ல ஒரு கைப்பிடி மணல அள்ளச் சொல்லுங்க. அந்த செவப்பு மணலோட நெறம் கெடையாது, உள்ள இருக்குறது வெள்ளக் குவார்ட்ஸ், அது மேல இரும்பு ஆக்சைடு மெல்லிசா படிஞ்சிருக்கு, எத்தனையோ ஆயிரம் வருசமா வெயிலும் மழையும் சேந்து பண்ணுன வேல அது. ஒரு காந்தத்த எடுத்துட்டு போயி மணலுக்குள்ள ஓட்டிப் பாருங்க, கருப்பா பொடிப்பொடியா ஒட்டும். எம்மவன் அத ஒரு டப்பால சேத்து வச்சிக்கிட்டு யாரு வீட்டுக்கு வந்தாலும் காட்டுவான்.

அப்புறம் உடைமரத்துக்கு அடில குத்தவச்சு உக்காந்துருங்க. நெழல்ல மணலு காஞ்சு பொலபொலன்னு இருக்குற எடத்துல விரக்கட அகலத்துக்கு குட்டிக் குட்டிப் பள்ளம் இருக்கும், அதுக்கு அடில இருக்குற பூச்சிதான் குழியான. ஒரு எறும்பு ஓரத்துல கால வச்சதும் மணலு சரியும், அது மேல ஏறப் பாக்கும், அடில இருந்து குழியான மணல வீசி வீசி அடிக்கும், எறும்பு திரும்பவும் சறுக்கிட்டு கீழ போவும். பத்து நிமிசம் போறதே தெரியாது. நம்ம சின்ன வயசுல வெரல விட்டு நோண்டி புடிச்சு உள்ளங்கைல விட்டு வெளையாடுவோமே, அது பின்பக்கமா ஊர்றது குறுகுறுன்னு இருக்கும், அத எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு யாரு காட்டுவா?

இன்னொண்ணு, பெரியவளுக்கு சொல்லுங்க, இந்த தேரி மணல்ல இடைக்கற்கால மனுசன் செஞ்ச நகத்தளவு கல் ஆயுதங்கள் கெடச்சிருக்கு. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் பொறுக்கி எடுத்து 1956லயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. அப்பவும் இங்ஙன மனுசன் வந்து உக்காந்து கல்ல தட்டிக்கிட்டு இருந்திருக்கான், தண்ணி இல்லாத எடத்துல அவன் ஏன் வாரான், தேரிக்கு கீழ தண்ணி உண்டு. மேல பேஞ்ச மழைய பூரா மணலு உறிஞ்சி வச்சு பள்ளத்துல சுனையா விடும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு போயிருப்பீங்கல்லா, சாமி பேருலயே சுனை இருக்கு.

நாங்குநேரி வாத்தியார்

தேரிக்காடன் அண்ணாச்சி நல்லா சொல்லிட்டாங்க. நான் கூந்தன்குளம் பறவை சரணாலயத்த சொல்லுதேன். மூணாறுல வரையாடு பக்கத்துல நின்னத பாத்து உங்க சின்னவ அசந்து போனான்னு எழுதியிருக்கீங்க, கூந்தன்குளத்துல தெருவுக்குள்ள வீட்டு வேப்பமரத்துலயும் புளியமரத்துலயும் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும், கீழ ஆச்சி ஒருத்தி அரிசி பொடச்சிக்கிட்டு இருப்பா, மேல குஞ்சு கத்திக்கிட்டு இருக்கும். எச்சம் முத்தத்துல விழும், நாத்தம் இருக்கும், அந்த ஊர்க்காரங்க அத ஒரு கொறையாவே நெனைக்க மாட்டாங்க. பறவை வந்தாதான் ஊரு வெளங்கும்னு நம்புறாங்க, தீபாவளிக்கு வெடி போடுறது கெடையாது. எச்சம் கலந்த கொளத்து வண்டல அள்ளி வயலுக்கு போட்டுக்கிடுவாங்க. சரணாலயமா அறிவிச்சது 1994லதான், ஊர்க்காரங்க காப்பாத்துறது அதுக்கு ரொம்ப முன்னாடி இருந்து. 2022ல ராம்சார் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல், சேத்துட்டாங்க.

இப்ப போனீங்கன்னா வரித்தலை வாத்து இருக்கும். வெள்ளத் தலைல பின்பக்கமா ரெண்டு கருப்புப் பட்ட போட்டிருக்கும், லேசா சாம்பல் ஒடம்பு, கரையோரமா கூட்டமா புல்லு மேஞ்சிட்டு நிக்கும், தெரியாதவன் பாத்தா யாரோ வளக்குற வாத்துன்னு போயிருவான். அது மங்கோலியா, திபெத்துல குஞ்சு பொரிச்சிட்டு இமயமலைய தாண்டி வருது. டிராக்கர் மாட்டி பாத்ததுல 7,000 மீட்டருக்கு மேலயும் பறந்திருக்கு, அங்க நம்மள விட்டா நின்னு மூச்சு விடவே செரமம். அப்டி பறந்து வந்த பறவ நாங்குநேரி தாலுகால ஒரு கொளத்தங்கரைல நின்னு புல்ல கடிக்கிறத பாக்கும்போது எனக்கு ஒவ்வொரு வருசமும் நெஞ்சு நெறஞ்சு போவுது. நாம எதுக்கு இந்த ஊருல என்ன இருக்குன்னு கேக்கணும், அது அவ்ளோ தூரத்துல இருந்து இந்த ஊர தேடில்லா வருது.

கொளத்துக்கு தண்ணி மணிமுத்தாறுல இருந்து வரணும், அது கம்மியான வருசம் பறவையும் கம்மி. இந்த வருசம் தண்ணி கெடக்கு, போயிட்டு வாங்க. கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் உண்டு. கலர் கலரா சட்ட போடாதீங்க, ரொம்ப கிட்ட போகாதீங்க.

ஓமன்ல இருந்து

நான் திருச்செந்தூர் பக்கம், மஸ்கட்ல வேல. தேரிக்காடன் அண்ணாச்சி ஆடிக்காத்து பத்தி எழுதினத படிச்சதும் இத சொல்லாம இருக்க முடியல.

மஸ்கட்ல ஜூன் ஜூலைல வெளிய தலகாட்ட முடியாது, 40 டிகிரிக்கு மேல அடிக்கும். அதே நேரத்துல ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தெக்க சலாலால மலையே பச்சையா இருக்கும், கரீஃப்னு சொல்லுவாங்க, ஜூன் கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும். வழி பூரா பொட்டல், கல்லு, கானல், ராத்திரி முழுக்க ஓட்டிட்டு போயி விடிய விடிய மலைய ஏறினா திடீர்னு ஒரே பனிமூட்டம், வைப்பர் போடணும், ஒட்டகம் பச்சப் புல்லுல நின்னு மேயுது. சவுதி, துபாய்ல இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வந்து தூறல்ல பாய விரிச்சு உக்காந்திருக்காங்க, யாரும் கொட பிடிக்கல, மழைல நனையுறதுக்குன்னே வந்தவங்க. ஒரு பெரியவர் கைய நீட்டி தூறல புடிச்சு மூஞ்சில தடவிக்கிட்டே இருந்தாரு. வாதி தர்பாத் பள்ளத்தாக்குல தண்ணி ஓடுது, மலைக்கு அந்தப்பக்கம் காஞ்ச சரிவுல குந்திரிக்க மரம், பட்டைய கீறி விட்டா பால் வடிஞ்சு கெட்டியாகும், நம்ம மாதா கோயில்ல பொகையா போடுற அதே சரக்குதான்.

நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்த பச்சைய கொண்டு வர்றது தென்மேற்குப் பருவக்காத்து. காத்து கரையோரத்து மேல்தண்ணிய தள்ளிட்டு போறதால அடில இருந்து குளுந்த தண்ணி மேல வரும், அது மேல ஈரக்காத்து வந்து பனிமூட்டமாகி மலைல முட்டி நிக்கும். அதே பருவக்காத்துதான் அதே மாசத்துல நம்ம தேரில மணல தூக்கி அடிக்குது! மழையெல்லாம் மேற்கு மலையோட அந்தப் பக்கம் கொட்டிட்டு நமக்கு வெறுங்காத்தா வருது. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆடி லீவுல ஊருக்கு வந்து தேரில நின்னேன், கண்ணு காது எல்லாம் மணலு, எங்கம்மா வா போதும் வீட்டுக்குன்னு கத்துறாங்க, எனக்கு வரவே மனசில்ல. சலாலா போகலன்னா எனக்கு தேரி இவ்ளோ பிடிச்சிருக்காதுன்னுதான் நெனைக்கேன். அதனால மூணாறு போனதால ஊரு பிடிக்கலன்னு கவலப்படாதீங்க அக்கா, ராஜமலைல நீங்க நடந்த அந்த புல்வெளி இருக்குற அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் நம்ம பக்கம் வர வேண்டிய மழைய நிப்பாட்டி வாங்கிக்குது, அத பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்க, ரெண்டு எடத்தயும் சேத்தே பாக்க ஆரம்பிச்சிருவாங்க.

உடங்காட்டுக்காரி

எல்லாம் சரி, எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிருதேன். எங்க வீட்டு ஆடு தேரி ஓரத்துலதான் மேயும். கொஞ்ச நாளா ரீல்ஸ் எடுக்க வாரவங்க பைக்க மணல் மேட்டுல ஏத்தி எறக்கி விளையாடுறாங்க, பீர் பாட்டில ஒடச்சு போட்டுட்டு போறாங்க, ஆட்டு கால்ல குத்தி ரெண்டு நாளு அது எந்திரிக்கல. மழைக்கு அப்புறம் செவப்பு வெல்வெட் துணில வெட்டி வச்ச மாதிரி பட்டுப்பூச்சி மணல்ல ஊரும், அது மேலதான் அந்த டயரு ஏறுது. விசிறித்தொண்டை ஓணான் முட்டைய மணலுக்குள்ளதான் வைக்கும். நம்ம தென் மாவட்டத்து ஓணான் ஒண்ணுக்கு 2016ல சிட்டானா மருதம்நெய்தல்னு பேரு வச்சிருக்காங்க, எங்க வீட்டு பக்கம் கல்லு மேல ஏறி நின்னு தொண்டைய விசிறி விசிறி காட்டுதே, அதுதான்னு ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைங்க சொன்னாங்க, எங்களுக்கு ரொம்ப பெருமையா இருந்துச்சு.

அக்கா நீங்க வாங்க, பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க. உள்ள ரொம்ப தூரம் தனியா போயிராதீங்க, எல்லா மேடும் ஒண்ணு போலவே இருக்கும், தெச மாறிரும். வனத்துறை எடம் அது, அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. காலைல 9 மணிக்குள்ள திரும்பிருங்க, தண்ணி நெறைய வச்சுக்கிடுங்க. பனைய நிமுந்து பாருங்க, ஓலைக்கு அடில உழவாரக் குருவி எச்சில வச்சு எறக ஒட்டி கூடு செஞ்சிருக்கும், காத்துல ஓல எவ்ளோ ஆடினாலும் விழாது.

புன்னக்காயல்

ஒரு வரி மட்டும். பாபநாசத்துல தாமிரபரணில குளிச்சிட்டு அதே நாள்ல எங்க ஊர்ல அது கடல்ல சேர்றத பாருங்க. பொதிகைல பொறந்து கடல்ல சேர்ற வரைக்கும் முழுசா நம்ம சீமைக்குள்ளயே ஓடுற ஆறு, அலையாத்திக் காட்டுல சாயந்தரம் கொக்கு அடையுறதயும் பாத்துட்டு போகலாம். மத்தியான சோத்துக்கு வீட்டுக்கு போக முடியாது, எங்க வீட்ல மீன் கொழம்பு உண்டு.

சாத்தான்குளத்துக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதெல்லாம் பிள்ளைங்களுக்கு சத்தம் போட்டு வாசிச்சு காமிச்சேன். குழியான சமாச்சாரத்த கேட்டுட்டு எங்க மாமியா எந்திரிச்சு வந்து, நம்ம மாட்டுத்தொழுவத்துக்கு பின்னாடியே கெடக்கேன்னு கூட்டிட்டு போனாங்க, மூணு பேரும் இன்னும் வீட்டுக்குள்ள வரல, தோச ஆறிட்டு இருக்கு. பெரியவ ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்த கழட்டிட்டு போயிட்டா.

வார ஞாயித்துக்கிழம கூந்தன்குளம் போறதா முடிவு பண்ணியிருக்கோம். தேரி பொங்கல் கழிச்சு, உடங்காட்டுக்காரி தங்கச்சி நீங்க சொன்ன மாதிரி கேட்டுட்டுதான் போவோம், பாட்டில் கெடந்தா பொறுக்க ஒரு சாக்கும் எடுத்துட்டு வாரோம். வாத்தியாரே, எத்தன மணிக்கு வந்தா நல்லது? வாத்து கிட்டத்துல தெரியுமா?

நாங்குநேரி வாத்தியார்

விடியுறப்பவே கரைல நிக்கணும்மா, மேய போறதுக்கு முன்னாடி. மூலைக்கரைப்பட்டி வந்துட்டு யாரக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. வெறுங்கண்ணுக்கு தூரமாத்தான் தெரியும், எங்கிட்ட பைனாகுலர் இருக்கு, ஞாயித்துக்கிழம கொண்டு வாரேன். சின்னவளுக்கு கனமா இருக்கும், ஸ்டாண்டும் எடுத்துக்கிடுதேன்.