சிப்புக்கு முன்பே விசர் ஊசி போட்டாயிற்று: பிரவுனியை பாரிஸுக்குக் கொண்டுபோக முடியுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, ஏப்ரல் 22

வணக்கம். பிரவுனி எங்கள் வீட்டு நாய். ஐந்து வயது, 14 கிலோ, ஊர் நாய்தான். குட்டியாக இருந்தபோது வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரம் மழையில் நனைந்து கிடந்தது. மகள் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பிரிந்து இருந்ததே இல்லை.

கணவர் பாரிஸில் வேலை செய்கிறார். எனக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் 12 நேரடி விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டோம். செப்டெம்பரில் அங்கே பள்ளிக்கூடம் தொடங்குகிறது. பிரவுனியின் வேலைகளை ஜனவரியிலேயே தொடங்கியிருந்தோம்.

பெப்ரவரி 3 விசர் (ரேபீஸ்) தடுப்பூசி போட்டோம். அன்று கிளினிக்கில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) இல்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். பெப்ரவரி 19 சிப் போட்டார்கள். மார்ச் 18 இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விசருக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை அது. முடிவு 1.8 என்று வந்தது. 0.5 இருந்தாலே போதும் என்றபடியால் எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தோம்.

புதுவருஷம் முடிந்து கட்டுநாயக்கவில் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் காகிதங்களைக் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி திகதிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். கிளினிக்கில் போய்ச் சொன்னால், "அதற்கென்ன, சிப் திகதியை பெப்ரவரி 3 என்று எழுதித் தருகிறோம்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

உண்மையிலேயே எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டுமா? செய்தால் ஓகஸ்ட் 12க்குள் முடியுமா? முடியாவிட்டால் பிரவுனியை அம்மாவோடு விட்டுவிட்டு, பிறகு கார்கோவில் எடுப்பிக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனையிலிருந்து

பயப்படாதீர்கள் தங்கச்சி. 1.8 வந்திருக்கிறதே, ஊசி வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கள் பக்கத்து வீட்டார் பூனையைக் கொண்டுபோனபோது இப்படி ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக் சொல்வதுபோலச் செய்துவிட்டுப் போங்கள்.

பதில்: பாரிஸிலிருந்து (முன்பு பம்பலப்பிட்டி)

அண்ணா, உங்கள் பக்கத்து வீட்டார் போனது எந்த நாட்டுக்கு என்று தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தக் கதை சரிவராது. நான் இரண்டு பூனைகளோடு வந்தவள், அதனால் சொல்கிறேன்.

தங்கச்சி, தயவுசெய்து திகதியை மாற்ற வேண்டாம். இரத்தம் அனுப்பியபோது நிரப்பிய படிவம், சிப் வாங்கிய பில், கிளினிக் பதிவேடு எல்லாவற்றிலும் திகதி இருக்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் சந்தேகம் வரும். இங்கே இறங்கிய பிறகு பிழை கண்டுபிடித்தால் நாயைத் திருப்பி அனுப்பலாம், அல்லது விதிகள் நிறைவேறும்வரை தனியாக அடைத்து வைக்கலாம். இரண்டும் முடியாது என்றால் கருணைக்கொலை வரைக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. செலவு முழுக்க உங்கள் தலையில். பிரவுனியை வைத்து அப்படி ஒரு சூதாட்டம் வேண்டாம்.

பதில்: தெஹிவளையிலிருந்து, மிருக வைத்தியர்

அதிகாரி சொன்னது சரி. ஏன் என்று சொல்கிறேன், விளங்கினால் மிச்ச வேலையில் பிழை வராது.

சிப்தான் நாயின் அடையாள அட்டை. 15 இலக்கம் உள்ள, ஐஎஸ்ஓ தரத்துச் சிப்பாக இருக்க வேண்டும். அந்த இலக்கம் உடம்பில் இல்லாத நாளில் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே சிப், பிறகு ஊசி, பிறகு இரத்தம். சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போடலாம், சிப் முதலில் போட்டிருந்தால் சரி. 1.8 என்ற முடிவு பிரவுனியின் உடம்புக்கு நல்ல செய்திதான். ஆனால் அது செல்லாத ஊசியின் மேல் நிற்கிற முடிவு. அதனால் காகிதத்தில் அதற்கு மதிப்பில்லை.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு காலம் தேவை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைத்தான் கனபேர் வீண் தாமதம் என்று நினைக்கிறார்கள். ஊசிக்கு முன்பே நாயை விசர் நாய் ஒன்று கடித்திருந்தால் அதன் இரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி தெரியும், நோயும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். விசர் வெளியில் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். அந்தக் காலம் முடியட்டும் என்றே காத்திருக்கச் சொல்கிறார்கள். இலங்கையில் விசர் இன்னும் தெருவில் இருக்கிறது. இந்த விதி எங்களுக்குப் பொருந்துவது அதனால்தான். யப்பானிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ ஐரோப்பாவுக்கு வரும் நாய்க்கு இந்த இரத்தப் பரிசோதனையே இல்லை.

இனிக் கணக்கு. ஏப்ரல் 24 ஊசி போட்டால் மே 24க்குப் பிறகு இரத்தம். ஓரிரு நாள் பிந்தி மே 27 என்று வையுங்கள், நாள் எண்ணுவதில் தகராறு வராது. மூன்று மாதம் முடிவது ஓகஸ்ட் 27. ஆய்வகத்தின் முடிவு வந்த நாளிலிருந்து அல்ல, இரத்தம் எடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். ஆகவே முடிவு வரச் சுணங்கினாலும் கவலை இல்லை. ஓகஸ்ட் 12 மட்டும் சரிவராது.

ஆய்வகம் ஐரோப்பிய ஆணையம் ஏற்ற பட்டியலில் இருக்க வேண்டும். முழு இரத்தத்தை அனுப்பக் கூடாது, சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, பிரித்துக் குளிரில் அனுப்ப வேண்டும். குழாயிலும் படிவத்திலும் சிப் இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஊசி போடும் ஒவ்வொரு முறையும் சிப்பை ரீடரால் வாசிக்கச் சொல்லுங்கள்.

இதை வாசிக்கிற குட்டி நாய்க்காரருக்கும் ஒன்று: 12 கிழமைக்கு முன் போட்ட விசர் ஊசி செல்லாது. வாழ்க்கையில் ஒரே ஓர் ஊசி மட்டும் போட்ட குட்டிகளில் சில 0.5ஐத் தொடுவதில்லை. பிரவுனி வருஷா வருஷம் போட்ட நாய், அது சுலபமாகத் தாண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து, ஏப்ரல் 23

டொக்டர், அக்கா, கோடி நன்றி. அழுகை வந்தாலும் இப்போது தெளிவாக இருக்கிறது. நாளைக்கு வேறொரு கிளினிக்கில் ஊசி போடுகிறோம். டிக்கெட்டை ஓகஸ்ட் கடைசிக்கு மாற்றலாமா என்று பார்த்தோம், மகளின் பள்ளிக்கு மிகவும் நெருக்கமாகிறது. கார்கோ பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பதில்: பாரிஸிலிருந்து

நீங்கள் போய் மாதக் கணக்கில் கழித்து பிரவுனி தனியாக வந்தால் அது சொந்தச் செல்லப்பிராணிப் பயணம் ஆகாது, வணிக இறக்குமதி விதிக்குள் போய்விடும். வேறு சான்றிதழ், எல்லைச் சோதனை நிலையம், முகவர் என்று நீளும். சொந்தப் பிராணி என்று கொண்டுவர, உரிமையாளரோ அவர் எழுத்தில் அனுமதித்த ஒருவரோ பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் நாயும் பயணம் செய்ய வேண்டும்.

உங்கள் கணவர் லீவு எடுத்து ஒக்டோபரில் வர முடியாதா? அவரும் உரிமையாளர்தானே. காகிதங்களை அவர் பெயரில் எடுத்து, அவரோடு அதே விமானத்தில் பிரவுனி வரட்டும். ஒரு டிக்கெட் செலவு கூடும். ஆனால் முகவருக்குக் கொடுக்கும் காசைவிட அது மேல்.

ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழை அரச மிருக வைத்தியர் தர வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் இங்கே இறங்க வேண்டும். பிரான்ஸுக்கு வருவதால் படிவம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பிக்கொண்டு வராதீர்கள். விற்பனைக்குக் கொண்டுவரவில்லை என்ற உரிமையாளர் உறுதிமொழியும் சேர வேண்டும்.

கேள்வி: மட்டக்குளியிலிருந்து

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அக்கா மெல்பேணில் இருக்கிறா. எங்கள் பொமரேனியனை அங்கே அனுப்பவும் இதே வழிதானா?

பதில்: தெஹிவளையிலிருந்து, மிருக வைத்தியர்

இல்லை. அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நாய் பூனையை நேரடியாக எடுப்பதில்லை. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் 180 நாள் தங்கி, அங்கிருந்துதான் போகலாம். பிறகும் மெல்பேணுக்குப் பக்கத்தில் மிக்கிள்ஹாம் நிலையத்தில் தனிமைப்படுத்தல் உண்டு. வயதான நாய் என்றால் இந்த அலைச்சல் அதற்குத் தேவையா என்று அக்காவோடு மனம்விட்டுக் கதையுங்கள். லண்டனுக்குக் கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஊசி, இரத்தம், மூன்று மாதம் எல்லாம் அங்கும் அப்படியேதான். அதோடு நாய்க்கு நாடாப்புழு மருந்து இறங்குவதற்கு முன் 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் கொடுத்து எழுதியிருக்க வேண்டும். விமானத்தில் கார்கோவாகத்தான் போக வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து, ஜூலை 6

இரண்டாவது முடிவும் வந்துவிட்டது, 3.2! கணவர் ஒக்டோபரில் வருகிறார். இப்போது பெட்டி பற்றித்தான் குழப்பம். கடையில் "இது போதும்" என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மூக்கிலிருந்து வால் அடி வரை 68 செமீ, முன்காலின் முழங்கை உயரம் 28, தோள் அகலம் 18, நிற்கும்போது தலை உச்சி 54. பயத்தில் குரைக்கும், தூக்க மருந்து கொடுக்கலாமா?

பதில்: தெஹிவளையிலிருந்து, மிருக வைத்தியர்

தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தம் குறையும், தடுமாறி விழும், மூச்சுக்குச் சிரமப்பட்டால் பார்க்க ஆள் இல்லை. விமானச் சங்கமான ஐயாட்டாவும் அதைத் தவிர்க்கவே சொல்கிறது.

பெட்டிக்கும் அவர்களுடைய கணக்குத்தான். நீளம்: 68ஓடு முழங்கை உயரத்தில் பாதி 14ஐக் கூட்டினால் 82 செமீ. அகலம்: தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, 36. உயரம்: 54ஓடு விரிப்பின் தடிப்பு. இவை உள்ளளவுகள். நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டும், சில்லு இருக்கக் கூடாது, கதவைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற வசதி வேண்டும். நாய் கொண்டுபோவதை விமான நிறுவனத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

மருந்தைவிடப் பெரிய மருந்து பழக்கம்தான். பெட்டியை இன்றைக்கே வாங்கி வரவேற்பறையில் கதவைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டை உள்ளே வையுங்கள். அதுவாகவே உள்ளே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று மூடிப் பழக்குங்கள். மூன்று மாதம் கையில் இருக்கிறது, அது தாராளம்.

பதில்: பாரிஸிலிருந்து

தண்ணீர்க் கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் உறைய வைத்து மாட்டுங்கள். ஏற்றும்போது சிந்தாது, மெல்ல மெல்லக் கரைந்து குடிக்கக் கிடைக்கும். மகள் போட்டு, கழுவாத சட்டை ஒன்றும் உள்ளே போடுங்கள்.

பாரிஸிலிருந்து (இதுவரை வெள்ளவத்தை), ஒக்டோபர் 29

பிரவுனி வந்துவிட்டது! மகளின் பழைய பள்ளிச் சட்டையின் மேல் சுருண்டு படுத்தபடியே வந்ததாம். அம்மா கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் போய் வழியனுப்பியிருக்கிறா. இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சிப்பை வாசித்து, இலக்கத்தைச் சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஊசித் திகதியையும் சிப் திகதியையும் விரலால் தொட்டுப் பார்த்தபோது கணவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதாம். இரண்டும் சரியான வரிசையில் இருந்தன. பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

டொக்டர், அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் அந்த மாற்றி எழுதிய காகிதத்தோடு வந்திருப்போம். அடுத்த கிழமை இங்குள்ள மிருக வைத்தியரிடம் போய் பிரான்ஸின் செல்லப்பிராணிப் பதிவேடான ஐ-காட்டில் சிப் இலக்கத்தைப் பதிந்து, பிரவுனிக்கு ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டும் எடுக்கப் போகிறோம். ஊசி தவணை தப்பாமல் போட்டுவந்தால் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னார்கள். ஏப்ரல் 24க்கு முன் அடுத்த ஊசி. கலண்டரில் மகள் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறாள்.