கிட் இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா டெர்மினல் தெரியாதுங்குது (விண்டோஸ், மேக், உபுண்டு மூணுலயும் தகராறு)

தூக்கம்_வரல:
வணக்கம், என்கிட்ட மூணு மெஷின் இருக்கு, விண்டோஸ் 11 லேப்டாப், ஒரு மேக், அப்புறம் உபுண்டு 18.04 ஓடுற பழைய டெஸ்க்டாப். ஒரே ப்ராஜெக்ட்டை மூணுலயும் வச்சு வேலை பார்க்கலாம்னு கிட் (Git, கோடுல பண்ற மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற சாஃப்ட்வேர்) போட உக்காந்தேன், ரெண்டு நாளா எந்திரிக்கவே இல்ல. விண்டோஸ்ல இன்ஸ்டாலர் எரர் இல்லாம முடிஞ்சது, கிட் பாஷ்ல (கிட்டோட கூடவே வர்ற டெர்மினல்) கிட் --வெர்ஷன் அடிச்சா நம்பர் காட்டுது, ஆனா கமாண்ட் ப்ராம்ப்ட்லயும் விஎஸ் கோட் டெர்மினல்லயும் அடிச்சா அப்படி ஒரு கமாண்டே கிடையாதுங்குது. மேக்ல நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, ஓஎஸ் அப்டேட் பண்ணதுல இருந்து எதை அடிச்சாலும் எக்ஸ்சிரன் (xcrun) எரர், டெவலப்பர் பாத் தப்பாம். உபுண்டுல கிட் இருக்கு, ஆனா பிராஞ்ச், அதாவது கோடோட தனிக் கிளை மாத்துறதுக்கு கிட் ஸ்விட்ச் அடிச்சா அது கிட் கமாண்டே இல்லையாம். எங்க சொதப்புறேன்?

நைட்ஷிஃப்ட்:
விண்டோஸுக்கு மட்டும் சொல்றேன் ப்ரோ. இன்ஸ்டால் பண்ணும்போது திறந்திருந்த விண்டோ எல்லாம் பழைய பாத்தையே (PATH, கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற லிஸ்ட்) பிடிச்சு வச்சிருக்கும், விஎஸ் கோட்ல டெர்மினல் டேப்பை மட்டும் மூடினா பத்தாது, விஎஸ் கோட்டையே மொத்தமா மூடிட்டு திறங்க.

தூக்கம்_வரல:
பண்ணிட்டேன் ப்ரோ, ரீஸ்டார்ட்டே பண்ணிட்டேன். ம்ஹூம்.

பழைய_டெர்மினல்:
ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் பாஷ்ல மட்டும் ஓடுதுன்னா சந்தேகமே வேணாம், இன்ஸ்டாலர்ல பாத் பத்தி கேட்டப்போ முதல் ஆப்ஷனை டிக் பண்ணியிருப்பீங்க, கிட் பாஷ்ல மட்டும்னு இருக்குமே அது. அதை எடுத்தா பாத்தை அது தொடவே தொடாது, சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. இன்ஸ்டாலரை திரும்ப ஓட்டி ரெண்டாவது ஆப்ஷனை எடுங்க. புது ஆப்ஷன் மட்டும் காட்டுன்னு ஆரம்பத்துல ஒரு டிக் இருந்தா நீக்கிடுங்க, இல்லைன்னா அந்தப் பக்கமே வராம தாண்டிப் போயிடும், நான் ஒருதடவை இதுலயே மூணு வாட்டி சுத்தியிருக்கேன். முடிச்சிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்ல வேர் கிட்னு (where git) அடிங்க, புரோகிராம் ஃபைல்ஸ்க்குள்ள கிட், அதுக்குள்ள சிஎம்டி ஃபோல்டர்னு காட்டினா சரி.

மேக்ல எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால் (xcode-select --install) அடிங்க, ஒரு சின்ன விண்டோ வரும், ஓகே குடுங்க, அவ்ளோதான். அங்க இருக்கிற கிட் நிஜ கிட் இல்ல, ஆப்பிளோட கமாண்ட் லைன் டூல்ஸைக் கூப்பிட்டு விடுற வாட்ச்மேன் மாதிரி, பெரிய ஓஎஸ் அப்டேட்ல சில சமயம் அந்த டூல்ஸ் காணாம போயிடும். முழு எக்ஸ்கோடை (ஆப்பிளுக்கு ஆப் எழுதுற பெரிய சாஃப்ட்வேர்) டவுன்லோட் பண்ணச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, அது பல ஜிபி, உங்களுக்குத் தேவையில்ல.

நைட்ஷிஃப்ட்:
உபுண்டு 18.04க்கு ஆப்ட் (உபுண்டுல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) தர்றது கிட் 2.17, ஸ்விட்ச் வந்ததே 2019 ஆகஸ்ட்ல 2.23லதான். இப்போதைக்கு கிட் செக்அவுட் போடுங்க, புது பிராஞ்ச்னா செக்அவுட் -பி, அதே வேலைதான். ஆனா அந்த உபுண்டுவோட சாதாரண சப்போர்ட் 2023லயே முடிஞ்சிடுச்சு, ஓஎஸ்ஸை மாத்துறதுதான் நல்லது.

தூக்கம்_வரல:
விண்டோஸ் ஓகே ஆயிடுச்சு!! அந்த முதல் ஆப்ஷன்தான், எதையும் மாத்தாதுன்னு போட்டிருந்துச்சு, பாதுகாப்பா இருக்கட்டும்னு நானே எடுத்திருக்கேன். மேக்கும் ஓகே. இப்ப உபுண்டுல புதுசா ஒண்ணு, நான் ஒரு எழுத்துகூட தொடல, எந்த ஃபைல் மாறியிருக்குன்னு பார்க்க கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா எல்லா ஃபைலும் மாறியிருக்குன்னு சிவப்பா வருது.

பழைய_டெர்மினல்:
ஃபோல்டரை பென்டிரைவ்ல காப்பி பண்ணீங்களா?

தூக்கம்_வரல:
ஆமா… விண்டோஸ்ல இருந்து அப்படியே. எப்படித் தெரியும்?

பழைய_டெர்மினல்:
என்ன மாறியிருக்குன்னு காட்டுற கிட் டிஃப் போட்டுப் பாருங்க, வரிக்கு வரி கடைசில தொப்பி போட்ட எம் (^M) ஒண்ணு நிக்கும். விண்டோஸ் வரி முடியுற இடத்துல ரெண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒண்ணுதான் வைக்கும், உங்க விண்டோஸ் கிட் ஃபைலை எடுத்து ஃபோல்டர்ல வைக்கும்போது (செக்அவுட்) ரெண்டா மாத்திக் குடுத்திருக்கு, அது அப்படியே பென்டிரைவ்ல வந்திருக்கு. அந்த நிலைமையில கமிட் மட்டும் (மாற்றத்தைப் பதிவு பண்றது) போட்டுடாதீங்க. காப்பி பண்ணதை ஓரமா வச்சிட்டு, விண்டோஸ்ல இருந்து சர்வருக்கு புஷ் பண்ணி (ஏத்தி) இங்க க்ளோன் (புது காப்பி) எடுங்க.

தூக்கம்_வரல:
தொப்பி எம் இருக்கு 😂 வரிக்கு வரி நிக்குது. க்ளோன் ஓடிட்டு இருக்கு.