டெய்லர் என்பது தொழிற்பெயரா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டெய்லர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒரு தொழிலிலிருந்து பிறந்தது என்பதைச் சுட்ட, 'தொழிற்பெயர்' என்ற சொல்லைத் தமிழ்க் கலைச்சொல்லாக இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். சொல் சுருக்கமானதுதான், ஆனால் இலக்கணத்தில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. நடத்தல், வருகை போன்றவற்றையே தொழிற்பெயர் என்று பள்ளியில் படிக்கிறோம். அவ்வளவு ஏன், 'தையல்' என்பதே தொழிற்பெயர்தான். செயலின் பெயரையும் அதைச் செய்பவரின் பெயரையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவர் குழம்புவது உறுதி.

இன்னொன்று, இப்பெயரின் வேர் தைத்தலில் இல்லை. வெட்டுதலைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையொன்றின் வழியே இது ஆங்கிலத்துக்கு வந்தது. நம் தையற்கடைகளில் துணியின்மேல் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துக் கத்தரியை ஓட்டுகிறாரே கட்டிங் மாஸ்டர், சொற்பிறப்பின்படி அவரே சரியான டெய்லர். ஆங்கிலத்தில் தொழிலுக்கும் குடும்பப்பெயருக்கும் எழுத்துக்கூட்டலாவது வேறுபடும். தமிழில் அந்த வசதியும் இல்லை.

'தொழிற்குலப்பெயர்' என்ற மாற்றையும் ஏற்கத் தயங்குகிறேன். குலம் என்றதும் நம் வாசகருக்குச் சாதிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி நிலைக்க நிலைக்க, பெயருக்கும் தொழிலுக்கும் இருந்த பிடிப்பு தளர்ந்துவிட்டது. டெய்லர் தொடரை 1715இல் வெளியிட்ட கணித அறிஞர் புரூக் டெய்லர், தொழிற்சாலை வேலையை நொடிக்கணக்கில் அளக்க வைத்த பிரெடரிக் டெய்லர், அமெரிக்காவின் 12ஆம் குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லர், நடிகை எலிசபெத் டெய்லர் ஆகியோருள் எவரும் ஊசி பிடித்துப் பிழைத்தவரல்லர். தமிழ் வரலாற்றுச் சுவடிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1835இல் சென்னையில் அச்சேற்றிய பாதிரியார் வில்லியம் டெய்லரும் இப்பெயரினரே.

ஆகவே 'தொழில்வழிக் குடும்பப்பெயர்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'வழி' என்பது பெயர் வந்த தடத்தை மட்டும் காட்டும். இன்றைய தொழிலைப் பற்றி எதுவும் சொல்லாது. குன்று என்ற பொருளுடைய ஹில் போன்றவற்றை 'இடவழிக் குடும்பப்பெயர்' எனலாம்.

சிக்கல் ஜான்சனிடம் வருகிறது. ஜானின் மகன் என்ற பொருளுடைய அதைத் 'தந்தைவழிக் குடும்பப்பெயர்' என்றால், தந்தையின் குடும்பத்திலிருந்து வந்த பெயர் என்றே வாசகர் கொள்வார். அந்தப் பொருளில் டெய்லரும் தந்தைவழிப் பெயர்தானே. 'தந்தைபெயர்வழிக் குடும்பப்பெயர்' என்று விரித்தால் குழப்பம் தீரும், ஆனால் சொல் வாயில் நிற்கவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் சுருக்கமான வேறு சொல் தோன்றினால் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.