ரேழி ஷாட்டில் பயம் வரவில்லை: ஒளியை எப்படி மாற்றலாம்?

7 நிமிடப் பேய்க் குறும்படம். ஓட்டு வீட்டு ரேழியில் (வாசலிலிருந்து உள்ளே போகும் நடையில்) 48 விநாடி ஒரே ஷாட், கேமரா அசையாது. வலது ஓரத்தில் கை விளக்கோடு பெண், இடது பக்கம் முழுக்க வெற்றிடம், அதில் பாதி திறந்த கதவு. 30-வது விநாடியில் கதவுக்குப் பின்னால் ஒரு உருவம் நகர வேண்டும். போட்டுக் காட்டிய 9 பேரில் 7 பேர் அதைப் பார்க்கவே இல்லை. கண் அவள் முகத்திலேயே நிற்கிறது.

கேமரா சோனி ஏ6400, 16 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. கை விளக்கு மஞ்சள் எல்இடி. வேறு விளக்கு இல்லை.

விளக்கைக் குறைத்தால் முகமும் போய்விடுகிறது. கிரேடிங்கில் (எடுத்த பிறகு நிறமும் வெளிச்சமும் திருத்தும்போது) கதவுப் பக்கத்தை வெளிச்சமாக்கினால் இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. அவளைக் கதவைப் பார்க்க வைத்தோம், குட்டு முன்னாலேயே உடைந்தது. ஒலியில் 40 ஹெர்ட்ஸ் அடித்தொனி உறுமல் வைத்தோம், போன் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை. ஒலியை முழுக்க நிறுத்தினால் ஆடியோ போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அறையின் மெல்லிய இரைச்சலும் தூரத்துக் குழாய்ச் சொட்டும் மட்டும் வைத்ததில் தனிமை நன்றாக வந்தது. ஒலியில் இனிக் கை வைக்கப் போவதில்லை.

குளோசப் வெட்டு வேண்டாம். வெட்டினால் அவளுக்குப் பக்கத்தில் யாரோ இருப்பது போலாகிவிடும், தனிமை செத்துவிடும்.

சனிக்கிழமை ஒரு இரவுதான் வீடு கிடைக்கும். ஷாட்டை வெட்டாமல், 30-வது விநாடிக்கு முன் கண்ணை மெதுவாகக் கதவுப் பக்கம் இழுக்க, கதவுக்குப் பின்னால் எந்த நிற விளக்கை, எவ்வளவு மங்கலாக, எந்தக் கோணத்தில் வைக்கலாம்?