சதுப்புல மண்ணு அடிச்சு வீடு கட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

டலாக்காரன்:
எங்க இடம் ரங்கூன் ஆத்துக்கு அக்கரை, டலா பக்கம், முன்னாடி நெல்லு வயல். மேல ஒரு தோல் மாதிரி காஞ்சு கெட்டியா இருக்கும், அதுக்குக் கீழ கம்பிய வச்சா கையாலயே இறங்கிடும். மூணடி மண்ணு அடிச்ச கையோட ஃபவுண்டேஷன் போட்டுரலாம்னு கான்ட்ராக்டர் நின்னாரு, சர்வே வேலை பாத்த எங்க மாமா விடவே இல்ல, ஒரு மழைக்காலம் போகட்டும்டான்னுட்டாரு. களிமண்ணுக்குள்ள தண்ணி நெறஞ்சு கெடக்கு, லோடு ஏத்துன உடனே அத மொதல்ல தாங்குறது அந்தத் தண்ணிதான், அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகப் போகத்தான் பாரம் மண்ணுக்கு மாறும், நெலமும் இறங்கும். 1925லயே டெர்சாகின்னு ஒரு மண்ணு ஆராய்ச்சி இன்ஜினியர் இதுக்குக் கணக்குப் போட்டு வச்சிருக்காரு, களி ரெண்டு மடங்கு ஆழமா இருந்தா இறங்கி முடியுற காலம் நாலு மடங்கு. தகடு வெல்ட் வச்ச கம்பிய மண்ணுக்கு அடியில நட்டு தண்ணி ட்யூப் லெவல் புடிச்சு எவ்ளோ இறங்குதுன்னு பாத்துட்டே இருந்தோம், மொதல்ல விறுவிறுன்னு போச்சு, மழை முடியுறப்ப நூல் கணக்குலதான் இறங்குச்சு.

பெகு தம்பி:
அண்ணே, நான் பாத்தது இதுக்கு நேர் எதிர். எங்க ஊர்ப் பக்கம் ஒரு அரிசி குடோன், கட்டி முடிச்ச உடனே ஒரு மூலையில மட்டும் மூட்டைய கூரை முட்ட அடுக்கிட்டாங்க. தரை அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு, வெளிய சாக்கடைத் தரை மேல எழும்பிருச்சு! அது வெறுமனே இறங்குறது இல்லண்ணே, களி பக்கவாட்டுல பிதுங்குறது, பயப்பட வேண்டியது அதுக்குத்தான். தண்ணி வெளியேற டைம் குடுத்தாத்தான் களிக்கு பலம் ஏறும். பைசா கோபுரம் 1173ல ஆரம்பிச்சது, நடுவுல கிட்டத்தட்ட 100 வருஷம் வேலை நின்னு போச்சு, அந்த இடைவெளியிலதான் அடிமண்ணு இறுகுச்சு, ஒரே மூச்சுல கட்டியிருந்தா அப்பவே விழுந்திருக்கும்.

பியாபோன் அக்கா:
பக்கத்து மனையில எங்க சுவர ஒட்டி மண்ணு அடிச்சாங்க தம்பி, இப்ப எங்க சுவரும் அவங்க பக்கம் சாயுது, கதவுத் தாழ்ப்பாள் ஓட்டையில விழ மாட்டேங்குது. நாங்க ஒரு பாரமும் ஏத்தலையே?

டலாக்காரன்:
பாரம் நேர் கீழ மட்டும் போகாதுக்கா, கீழ போகப் போக அகலமா பரவும், உங்க சுவருக்கு அடியில இருக்கற களியும் சேந்து அமுங்கும். அந்த மண்ண சுவர விட்டுத் தள்ளிச் சரிவா வெட்டச் சொல்லுங்க, இப்பவே. புது கட்டடம் எழுப்புனா உங்க சுவரோட கம்பி கட்ட விடாதீங்க, ரெண்டும் தனித்தனியா இறங்கட்டும். நாங்க சீக்கிரம் இறங்கி முடியட்டும்னு தேவைக்கு மேல ஒரு அடி கூடுதலா அடிச்சு, இறக்கம் நின்னப்புறம் அத வழிச்சு எடுத்துட்டுத்தான் ஃபவுண்டேஷன் தோண்டுனோம், அவங்களையும் அப்படியே செய்யச் சொல்லுங்க, ஆனா அந்தக் கூடுதல் மண்ணு உங்க சுவர்ப் பக்கம் வேணாம்.