குடும்ப ஜெபத்தில் குத்திப் பேசுவதை எப்படி நிறுத்துவது?

ஸ்தோத்திரம். களியக்காவிளைப் பகுதியில் வீடுகளில் கூடும் எங்கள் ஜெபக் குழுவுக்காகக் கேட்கிறோம். எங்கள் வீடுகளில் பிள்ளைகளை நேரில் திட்டுவது குறைந்திருக்கிறது; ஆனால் அது இப்போது ராத்திரி ஜெபத்துக்குள் புகுந்துவிட்டது. "ஆண்டவரே, எப்பவும் போனை நோண்டுற இந்தப் பயலுக்கு நல்ல புத்தி குடும்" என்று அப்பா கண்மூடி ஜெபிக்கிறார். ஜெபமாச்சே, பையன் பதிலும் பேச முடியாது. மறுநாள் ஜெபத்துக்கே வருவதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளில், பரீட்சை நெருங்கும்போது இது அதிகம்.

கெட்ட வார்த்தை வாயிலிருந்து புறப்பட வேண்டாம் என்னும் எபேசியர் 4:29 வசனத்தை எழுதி அடுக்களையில் ஒட்டினோம். ஒருவரையொருவர் குத்திக்காட்டத்தான் உதவியது. கடுஞ்சொல்லுக்கு உண்டியல் அபராதம் வைத்தால், கணக்குப் பார்ப்பதே சண்டையானது. ஓரளவு பலித்தது, ஆளை விட்டுக் காரியத்தைப் பேசுவது: "நீ உருப்படமாட்டே" என்பதற்குப் பதில் "கணக்குல எது மக்களே புரியல்ல?" பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்னும் கொலோசெயர் 3:21, அவர்கள் மனந்தளர்ந்துபோகாதபடி என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால், அப்பாமாரிடம் அது எடுபட்டது. பாட்டிமாரிடம்தான் முடியவில்லை: "இனி ஜெபிக்கவும் கூடாதா?"

பெரியவர்கள் மனம் நோகாமல், பெயர் சொல்லிக் குறை சொல்லாத ஜெபத்தை உங்கள் வீடுகளில் எப்படிப் பழக்கினீர்கள்?